ஊர் மாறினால் வானும் மாறும்

கிழக்கு, மேற்கு என்னும் இரு சொற்களையும் சற்று உற்று நோக்குங்கள். 'கீழ்' என்பதிலிருந்து பிறந்தது கிழக்கு; 'மேல்' என்பதிலிருந்து பிறந்தது மேற்கு. தமிழ்நாட்டு நிலம் மேற்கே மலைத்தொடராக உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கித் தாழ்ந்து செல்கின்றது. காவிரியும் பொருநையும் மேற்கே தோன்றிக் கிழக்கே பாய்கின்றன. அந்த நிலத்தில் வாழ்ந்த மக்கள் உயர்ந்த பக்கத்தை மேற்கு என்றும், தாழ்ந்த பக்கத்தைக் கிழக்கு என்றும் வழங்கினர் என மொழிநூலார் கூறுவர். ஆகவே, நம் திசைச் சொற்களுக்குள்ளேயே நம் நிலத்தின் படம் ஒன்று அடங்கியிருக்கின்றது.

இப்பொழுது மும்பையில் வாழும் ஒரு தமிழரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மேற்கே தாழ்ந்து கிடப்பது கடல். கிழக்கே உயர்ந்து நிற்பது சகியாத்திரி மலை. நம் சொற்கள் அங்கே தலைகீழாகிவிடுகின்றன. தில்லியில் இருப்பவருக்கு மலை வடக்கே இருக்கின்றது. கொல்கத்தாவில் இருப்பவருக்கு வடக்கே இமயம், தெற்கே வங்கக் கடல். தாயகத்தை விட்டு வரும்பொழுது நாம் மொழியையும் உணவையும் பண்டிகைகளையும் உடன் கொண்டு வந்தோம். நாம் அறியாமலே நம்மோடு வந்துவிட்ட மற்றொரு பொருள், ஊரில் பழகிய திசையுணர்வு.

நகரத் தெருக்களில் இதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. வழி தவறினால் ஒருவரைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால், விடுமுறை நாளில் நண்பர் நால்வர் சேர்ந்து மலைக்கோட்டை ஒன்றைப் பார்க்கச் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் வழியில் மாலை ஐந்து மணிக்கு மூடுபனி இறங்குகின்றது. பாதை இரண்டாகப் பிரிகின்றது. கைப்பேசியில் மின்சக்தி தீர்ந்துவிட்டது. "ஊர் மேற்கே இருக்கின்றது" என்று ஒருவர் சொல்கின்றார்; மேற்கு எது என்பதில்தான் கருத்து வேற்றுமை. அந்த இடத்தில் தவறான பக்கம் திரும்பினால், அது உயிருக்கே கேடாக முடியலாம்.

ஆகவே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்புவது ஒரே ஒரு கருத்துத்தான். திசையறிவு என்பது ஓர் ஊரில் கற்று மற்றோர் ஊருக்கு அப்படியே எடுத்துச் செல்லத்தக்கது அன்று. ஊர் மாறினால் வானும் மாறும், நிழலும் மாறும், பொழுது சாயும் நேரமும் மாறும், ஆறு ஓடும் பக்கமும் மாறும். வந்து குடியேறிய இடத்தின் வானத்தையும் நிலத்தையும் புதிதாகக் கற்றுக்கொண்ட பிறகே அந்த இடத்து மலையில் கால் வைக்க வேண்டும்.

முதலில் கதிரவனைப் பார்ப்போம். கதிரவன் கிழக்கே உதிக்கின்றான் என்று பள்ளிப் பருவத்தில் படித்தோம். அவன் நேர் கிழக்கே உதிப்பது ஆண்டில் இரண்டு சமயங்களில்தான்: மார்ச்சு 20, 21ஆம் நாள்களை ஒட்டியும், செப்டம்பர் 22, 23ஆம் நாள்களை ஒட்டியும். ஜூன் மாதக் கடைசி வாரங்களில் அவன் சென்னையில் நேர் கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கின்றான். தில்லியிலோ 27 பாகை தள்ளி உதிக்கின்றான். டிசம்பரில் அதே அளவு தெற்கே நகர்ந்துவிடுகின்றான். 27 பாகை என்பது சிறிய வேற்றுமை என்று எண்ண வேண்டாம். அந்தப் பிழையோடு இரண்டு கிலோமீட்டர் நடந்தால், சேர வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் விலகி நிற்போம். காட்டில் 900 மீட்டர் என்றால் அது வேறொரு பள்ளத்தாக்கு.

நண்பகல் நிழலின் செய்தி இன்னும் வியப்பானது. "நண்பகலில் நிழல் வடக்கே விழும்" என்று பல கைந்நூல்கள் கூறுகின்றன. தில்லியில் இது ஆண்டு முழுவதும் உண்மை. தில்லி கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் கதிரவன் அங்கே ஒருநாளும் தலைக்கு நேரே வருவதில்லை. எப்பொழுதும் தெற்குப் பக்கமாகவே கடந்து செல்கின்றான். ஆனால் மும்பையில் மே மாத நடுவிலிருந்து ஜூலை மாதக் கடைசி வரை கதிரவன் நண்பகலில் தலைக்கு வடக்கே நிற்கின்றான். நிழல் தெற்கே விழுகின்றது. சென்னையிலும் பெங்களூரிலும் ஏப்ரல் மாதக் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்டு மாத நடுப்பகுதி வரை இதே நிலைதான். கொல்கத்தாவில் ஜூன் முதல் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை மட்டும் இவ்வாறு நிகழ்கின்றது. ஆகவே, தில்லியில் கற்ற நிழற்பாடத்தை நம்பி ஜூன் மாதத்தில் சகியாத்திரியில் நடப்பவர் வடக்கைத் தெற்கென்று கொள்வார். கைக்கடிகாரத்தின் மணிமுள்ளைக் கதிரவனுக்கு நேரே பிடித்துத் தெற்கைக் கண்டறியும் முறையும் இத்தகையதே. அது ஐரோப்பா போன்ற வடபுல நாடுகளுக்கு ஏற்றது. கதிரவன் உச்சி வரை ஏறும் நம் நாட்டில் அதனை நம்புவதற்கில்லை.

அப்படியானால் எங்கும் பொருந்தும் முறை இல்லையா? உண்டு. சமமான தரையில் ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். நிழலின் நுனி விழும் இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். அரை மணி நேரம் இளைப்பாறுங்கள். நிழலின் நுனி நகர்ந்திருக்கும். அங்கே இரண்டாவது கல்லை வையுங்கள். இரு கற்களையும் இணைக்கும் கோடு மேற்கு கிழக்காக அமையும். முதற்கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. நண்பகலுக்கு முன்னும் பின்னும் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் செய்தால், நம் நாட்டின் எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் இது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோல் நட்டு நிழலால் திசை காண்பது நம் முன்னோருக்குப் புதிய கலை அன்று. அரண்மனைக்கு இடம் வகுக்கும் நூலறிஞர்கள் நண்பகலில் கோல்களின் நிழலைக் கொண்டு திசை கண்டு, கயிறிட்டு அளந்த செய்தியை நெடுநல்வாடையில் காணலாம்.

அடுத்தது பொழுது. நாடு முழுவதற்கும் நமக்குக் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் கதிரவன் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை. இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. அதற்கு மேற்கே இருக்கும் மும்பையில் கதிரவன் உச்சியை அடையும்பொழுது கடிகாரம் சராசரியாகப் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடத்தைக் காட்டும். கிழக்கே இருக்கும் கொல்கத்தாவில் பதினொன்று நாற்பதைக் காட்டும். இடைவெளி ஏறத்தாழ ஒரு மணி நேரம். டிசம்பர் மாதத்தில் மும்பையில் கதிரவன் மறையும் நேரம் ஆறு மணி. தில்லியில் ஐந்து இருபத்தைந்து. கொல்கத்தாவில் ஐந்து மணிக்கும் முன்னரே. மும்பையில் பல ஆண்டுகள் பணியாற்றி, கொல்கத்தாவுக்கு மாற்றலாகிச் சென்றவர், பழைய வழக்கப்படி மாலை ஐந்து மணிக்கு இறங்கிக்கொள்ளலாம் என்று குன்றின் மேல் அமர்ந்திருந்தால் இருளில்தான் இறங்குவார். அன்றியும், நம் நாட்டில் கதிரவன் செங்குத்தாக விழுவதால் அந்தி வெளிச்சம் நெடுநேரம் நிற்பதில்லை. மறைந்த பின் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பாதை கண்ணுக்குப் புலனாகாமற் போகும்.

கடிகாரம் இல்லாதபொழுதும் மீந்திருக்கும் பகலை அளக்கக் கைகள் இருக்கின்றன. கையை நன்றாக நீட்டி, முஷ்டியை மூடிப் பிடியுங்கள். அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. நடுவிலுள்ள மூன்று விரல்கள் சேர்ந்து 5 பாகை. கதிரவனுக்கும் தொடுவானத்துக்கும் இடையே ஒரு முஷ்டி இருந்தால், அவன் மறைவதற்கு நாற்பது முதல் ஐம்பது நிமிடம் இருக்கின்றது என்று கொள்ளலாம். "நான்கு விரல் அகலத்துக்கு ஒரு மணி நேரம்" என்று சொல்லும் வெளிநாட்டுக் கைந்நூல்களைப் பின்பற்ற வேண்டாம். நம் நாட்டில் நான்கு விரலுக்கு அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். மேற்கே மலை மறைத்தால் அதுவும் குறையும். கதிரவனை நேரே உற்றுப் பார்க்காமல், கையால் மறைத்தவாறே அளக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இதனோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1892ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் ஒரு விதியை வகுத்தார். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். பாதை ஆறு கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்றால், ஏறுவதற்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். இது பழகிய கால்களுக்கு. அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வரும் நம்மைப் போன்றவர்கள் அதனோடு பாதியைக் கூட்டிக்கொள்வது நல்லது. புறப்படும் முன்பே 'திரும்பும் நேரம்' ஒன்றைக் குறித்துவிடுங்கள். கதிரவன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக அடிவாரத்தை அடையும்படி அது அமைய வேண்டும். அந்த நேரம் வந்ததும், சிகரம் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மகாராட்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய களசூபாய் 1,646 மீட்டர் உயரமுடையது. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயேதான் இருக்கும்.

இனி இரவு வானம். வடக்கை அறிய நமக்கு வாய்த்த நிலையான விளக்கு துருவ நட்சத்திரம். அது வானத்திலேயே மிகுந்த ஒளியுடையது என்று பலரும் எண்ணுகின்றனர். அது நடுத்தரமான ஒளியுடைய மீன்தான். அதன் பெருமை ஒளியில் இல்லை, இடம் பெயராமையில் இருக்கின்றது. பங்குனி முதல் ஆனி வரையுள்ள மாலைகளில் சப்தரிஷி மண்டலத்தைத் தேடுங்கள். ஏழு மீன்களில் நான்கு ஒரு நாற்கரமாகவும், மூன்று வளைந்த காம்பாகவும் இருக்கும். நாற்கரத்தில் காம்புக்கு எதிர்ப்புறமுள்ள இரண்டு மீன்கள் புலகர், கிரது என்பன. புலகரிலிருந்து கிரதுவுக்குக் கோடு இழுத்து, அந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு நீட்டினால் துருவனை அடையலாம். ஐப்பசி முதல் தை வரை சப்தரிஷிகள் மாலையில் மறைந்திருப்பர். அப்பொழுது வடவானில் ஐந்து மீன்கள் அருகருகே நிற்கும் இரு மலைமுகடுகளைப் போல அமைந்திருக்கும். அது காசியோபியா மண்டலம். அந்த முகடுகளுக்குக் கீழே மூன்று முஷ்டி தாழ்ந்து துருவன் நிற்பான்.

இங்கேதான் வெளியூரில் வாழும் நமக்கென்றே ஒரு செய்தி இருக்கின்றது. தொடுவானத்திலிருந்து துருவன் எத்தனை பாகை உயரத்தில் நிற்கின்றானோ, நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ அத்தனை பாகை. கன்னியாகுமரியில் அவன் 8 பாகை உயரத்தில், ஒரு முஷ்டிக்கும் தாழ்வாக நிற்கின்றான். சென்னையில் 13 பாகை. ஒரு முஷ்டியும் சற்று மேலும். மும்பையில் 19 பாகை, இரண்டு முஷ்டி. கொல்கத்தாவில் இரண்டேகால். தில்லியில் 28½ பாகை. ஏறத்தாழ மூன்று முஷ்டி. ஊரில் தென்னந்தோப்பின் மறைவில் ஒளிந்துகொண்டிருந்த துருவனை, தில்லி மொட்டைமாடியில் நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். சென்னையில் தேடிய உயரத்தில் தில்லியில் தேடினால், வேறொரு மீனைத் துருவன் என்று கொண்டுவிடுவோம்.

தில்லியில் வாழ்பவர்கள் இந்த உண்மையைக் கல்லிலேயே காணலாம். 1724ஆம் ஆண்டையொட்டி இரண்டாம் ஜயசிங் மன்னர் அமைத்த ஜந்தர் மந்தரில் சம்ராட் யந்திரம் என்னும் பெரிய நிழற்கடிகாரம் உள்ளது. அதன் சாய்ந்த சுவர் நிலவுலகின் அச்சுக்கு இணையாக, வட துருவத்தை நோக்கி எழுகின்றது. அதன் சாய்வும் தில்லியின் அட்சரேகையும் ஒன்றே. அதே மன்னர் ஜயப்பூரில் எழுப்பிய யந்திரத்தின் சாய்வு 27 பாகை. ஏனெனில் அந்த ஊரின் அட்சரேகை அது. ஊர் மாறியதும் கருவியையும் மாற்றிக் கட்டினார் அம்மன்னர்.

துருவன் உயர்ந்தால் தென்வானம் தாழ வேண்டும் அல்லவா? பிப்ரவரி மாத நடுவில் இரவு ஒன்பது மணியளவில் தெற்கே பாருங்கள். வானத்திலேயே மிகுந்த ஒளியுடைய மீனாகிய சிரியஸுக்குக் கீழே, தென்திசையில் ஒளிரும் மீன் அகத்தியர். சென்னையில் அது இரண்டரை முஷ்டி உயரத்தில் ஏறி நிற்கும். மும்பையில் 18 பாகை. தில்லியில் 9 பாகை மட்டுமே. தெற்கே கட்டடம் மறைக்காத மாடி இருந்தால்தான் தில்லியில் அகத்தியரைக் காண முடியும். திரிசங்கு என்று நாம் வழங்கும் தென்சிலுவை மண்டலத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிக்குச் சென்னைக் கடற்கரையில் அதன் நான்கு மீன்களையும் காணலாம். தில்லியில் அதன் அடிமீன் ஒருபொழுதும் உதிப்பதே இல்லை. வெளியூர் வாழ்வைத் திரிசங்கு சுவர்க்கம் என்று வேடிக்கையாகச் சொல்வோர் உண்டு. தில்லியில் அந்தத் திரிசங்குவும் முழுமையாகக் கிடைப்பதில்லை.

ஊருக்கு ஊர் மாறாத ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். மார்கழி, தை மாத இரவுகளில் வேடன் மண்டலத்தின் இடுப்பில் மூன்று மீன்கள் ஒரே வரிசையில் மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் முதலில் எழும் மீன், எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ நேர் கிழக்கே உதித்து நேர் மேற்கே மறையும். துருவனை மேகம் மறைத்தாலும் இம்மூன்று மீன்கள் கைகொடுக்கும்.

நிலவையும் மறக்கலாகாது. திதி பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றது. மலை நடைக்கும் அது பயன்படும். பௌர்ணமியன்று நிலவு, கதிரவன் மறையும்பொழுது கிழக்கே எழும். வளர்பிறை அட்டமியில் மாலையிலேயே உச்சிப் பக்கம் நின்று, நள்ளிரவையொட்டி மேற்கே மறையும். தேய்பிறை அட்டமியிலோ நள்ளிரவையொட்டித்தான் எழும். பௌர்ணமிக்குப் பின் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதம். ஆகவே, விண்மீன் பார்க்கச் செல்வோர் அமாவாசையை ஒட்டியும், விடியுமுன் நடக்க வேண்டியவர்கள் பௌர்ணமியை ஒட்டியும் நாளைத் தேர்ந்துகொள்ளலாம்.

வானத்திலிருந்து நிலத்துக்கு வருவோம். கையில் ஒரு நிலப்படமும், ஒரு திசையறி கருவியும் இருக்கட்டும். இந்திய நில அளவைத் துறையின் படங்களில் 1:50,000 அளவுள்ளவை நடப்போருக்கு ஏற்றவை. படத்தில் இரண்டு சென்டிமீட்டர், நிலத்தில் ஒரு கிலோமீட்டர். சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து. விலகியிருந்தால் மெல்லிய சரிவு. இப்படங்களுக்கு அடிப்படையாகிய பேரளவை தொடங்கிய இடம் நமக்கு அயலானது அன்று. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் வில்லியம் லாம்டன் தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக வளர்ந்த அளவை, பின்னர் இமயத்தின் அடிவாரம் வரை சென்றது. திசையறி கருவியின் ஊசி, நம் நாட்டின் பெரும்பகுதியில் உண்மை வடக்கிலிருந்து இரண்டு பாகைக்கும் குறைவாகவே விலகும். ஆனால் கைப்பேசிக்கும் இரும்பு ஏணிக்கும் அருகே வைத்துப் பார்த்தால் அது பொய் சொல்லும்.

கைப்பேசியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அலைவரிசை இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள்களின் துணையால் அது இருக்கும் இடத்தைக் காட்டும். ஆனால் படத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும். குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும். ஆகவே உடைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அது துணையாக இருக்கட்டும். ஒரே துணையாக இருக்க வேண்டாம்.

அந்தந்த வட்டாரத்துச் சொற்கள் சிலவற்றையும் கற்றுக்கொள்வது இன்றியமையாதது. மராத்தியில் 'கிண்ட்' என்றால் கணவாய். 'வாட்' என்றால் வழி. 'கடா' என்று சிற்றூரார் எச்சரித்தால் ஆட்டுக்கடாவை நினைத்துவிடக் கூடாது. அது செங்குத்தான பாறைச் சரிவு. கட்வால் மலைகளில் 'தார்' என்பது மலைமுதுகு. 'கால்' என்பது கணவாய். 'காட்' என்பது ஓடை. காலையில் சந்திக்கும் ஆடு மேய்ப்பவரிடம் வழி கேட்டு, அவர் சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்திலும் இல்லாத செய்தி அவரிடம் இருக்கும்.

ஓடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "வழி தவறினால் ஓடையைப் பின்பற்றிக் கீழே இறங்கு, ஊர் வந்துவிடும்" என்று சொல்லக் கேட்டிருப்போம். சமவெளிக்கும் மெல்லிய சரிவுக்கும் அது பொருந்தலாம். சகியாத்திரியின் மேற்குப் பக்கமோ சுவர் போல அறுந்து விழும் நிலம்; ஹரிச்சந்திரகட்டின் கொங்கண் கடாவைப் பார்த்தவர்கள் அதனை அறிவார்கள். அங்கே ஓடை செல்லும் இடம் ஊரன்று, அருவி. இறங்க இறங்க வழுக்குப் பாறை. பிறகு ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. மழைக்காலத்தில் மேலே பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்து சேரும். இமயத்தின் ஓடைகளும் பல இடங்களில் இவ்வாறே பள்ளத்தாக்கின் இடுக்கில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இமயத்துக்குச் செல்வோர் உயரத்தையும் கருத வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயர நோய் வரலாம். உடல்வலிமை அதைத் தடுப்பதில்லை. டார்ஜிலிங் பகுதியிலுள்ள சந்தக்பூ 3,636 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் தங்கி இளைப்பாறுங்கள். தலைவலியும் குமட்டலும் தோன்றினால் மேலே ஏறாதீர்கள். தடுமாற்றமோ, இருந்த இடத்திலேயே மூச்சுத்திணறலோ கண்டால் இரவென்றும் பாராமல் நோயாளியைத் துணையோடு கீழே இறக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பின்னர் வழி தவறிவிட்டால் என் செய்வது? முதலில் நில்லுங்கள். உட்கார்ந்து தண்ணீர் அருந்துங்கள். உறுதியாக அறிந்த இடத்தைக் கடைசியாக எப்பொழுது கடந்தோம் என்று நினைவுகூருங்கள். பகல் வெளிச்சம் இருந்தால், வந்த வழியே அந்த இடத்துக்குத் திரும்புங்கள். குறுக்கு வழி தேடாதீர்கள். கூட்டம் பிரியலாகாது. இருட்டிவிட்டால், பாறை விளிம்புக்கும் நீரோட்டத்துக்கும் விலகிய இடத்தில், இருக்கும் உடைகளையெல்லாம் அணிந்து தங்கிவிடுங்கள். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதலை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மீண்டும் ஊதுங்கள்; விளக்கையும் அவ்வாறே காட்டலாம். உதவி வேண்டுவோர் காட்டும் அடையாளம் அது என்பதை மலையேறுவோர் அறிவர். கைப்பேசியில் ஏதேனும் ஓர் அலைவரிசை கிடைத்தால் 112 என்னும் எண்ணை அழையுங்கள். புறப்படும் முன், எங்கே செல்கின்றோம், எப்பொழுது திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டு வந்திருந்தால், தேடி வருவோருக்கு அந்தத் தாள் பேருதவி புரியும். குளிரில் கழித்த ஓர் இரவு மறந்துவிடும். இருளில் வைத்த ஓர் அடியைத் திருப்பி எடுக்க முடியாது.

நேயர்களே, இவற்றையெல்லாம் மலைமேல் நின்று கற்க முடியாது. வீட்டு மாடியிலேயே தொடங்குங்கள். மாதம் ஒரு நாள், கதிரவன் எந்தக் கட்டடத்தின் மேல் உதிக்கின்றான், எத்தனை மணிக்கு மறைகின்றான் என்று குறித்து வாருங்கள். ஓராண்டில் உங்கள் ஊரின் வானம் உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வெளி மாநிலத்தில் பிறந்து வளரும் அவர்கள், "நம் ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்பதுண்டு. துருவனுக்குக் கீழே அவர்களுடைய சிறு முஷ்டிகளை அடுக்கி எண்ணச் சொல்லுங்கள். கை சிறியதாயினும் நீட்டிய கையின் நீளமும் குறைவாதலால் கணக்குப் பெரிதும் மாறாது. கோடை விடுமுறையில் தாத்தா வீட்டு மாடியில் நின்று மறுபடியும் எண்ணச் சொல்லுங்கள். குறைந்துபோன ஒவ்வொரு முஷ்டிக்கும் வடக்கு தெற்காக ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்லிக் கொடுங்கள். தாங்கள் வாழும் ஊர் எது, தங்கள் வேர் இருக்கும் ஊர் எது என்பதை அவர்கள் தங்கள் கைகளாலேயே அளந்து அறிந்துகொள்வார்கள்.